நூல் வகையும் நம் நோக்கமும்

கல்லூரி மாணவர் கையிற் புழங்கும் நூல்கள் பெரும்பாலும் மூவகைப்படும். பாடநூலும் அதற்குரிய குறிப்புரையும் ஒருவகை. பொழுதுபோக்கின் பொருட்டு இரவில் ஒளித்துப் படிக்கும் கதை நூல் மற்றொரு வகை. பிறர் புகழக் கேட்டு, "இதனைக் கட்டாயம் படித்தல் வேண்டும்" என்று எண்ணி, அவ்வெண்ணத்துடனே அலமாரியில் வைத்துப் பூட்டப்படும் பெருநூல் மூன்றாம் வகை. முதலாவது தேர்வு முடிந்த அன்றே மறக்கப்படுகின்றது. இரண்டாவது படித்ததாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. மூன்றாவது படிக்கப்படுவதே இல்லை. இந்நிலையில் நூல்களைப் பற்றிய கருத்து என ஒன்று நம்மிடையே எங்ஙனம் தோன்றும்?

கருத்துக் கூறுவார் இல்லை என்பதன்று. நூல்களைப் பற்றி வாதிடுவோர் நம் விடுதிகளிலும் ஆசிரியர் அறையிலும் பலர் உளர். ஆனால் அவருள் ஒரு சாரார் பழைய இலக்கியமே நூல், ஏனையவெல்லாம் தாள் என்பர். மற்றொரு சாரார் இன்றைய சிறுகதையும் நாவலுமே வாழ்வைக் காட்டுவன, பழையன பண்டிதர்க்கே உரியன என்பர். இவ்விரு சாராரும் ஒரு செய்தியில் மட்டும் ஒன்றுபடுகின்றனர்: அறிவியலும், செலவு நூலும், நாட்குறிப்பும், அகராதியும் இவர்தம் கணக்கிற் சேர்வதில்லை. எம் கருத்து வேறு. ஒவ்வொரு வகை நூலும் ஒவ்வொரு தொழிலை மேற்கொண்டு பிறந்தது. அத்தொழிலை அஃது எவ்வளவிற் செய்து முடித்தது என்பதே அதனை அளக்கும் கோல். நெல்லை அளக்கும் மரக்காலால் துணியை அளத்தல் கூடுமோ? இக்கொள்கையை வெறும் பேச்சாக நிறுத்தாமல், யாம் படித்த சில தமிழ் நூல்களை வகைவகையாக எடுத்து, நிறையும் குறையும் எமக்குத் தோன்றியவாறு ஈண்டுக் கூறுவோம். மாறுபட்ட கருத்துடையார் அடுத்த ஆண்டு மலரில் எம்மை மறுத்து எழுதின் மகிழ்வோம்.

முதற்கண் நாவலை எடுத்துக்கொள்வோம். தமிழின் முதல் நாவல் எனப் பெயர்பெற்ற பிரதாப முதலியார் சரித்திரம் 1879 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை இயற்றிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். உயர்நீதிமன்றங்களின் தீர்ப்புக்களைத் தமிழிற் பெயர்த்தளித்தவர். கிறித்தவராயினும் எல்லாச் சமயத்தாரும் ஏற்கும் நீதிநூல் பாடியவர். இந்நாவலைப் படிக்கப் புகும் இன்றைய மாணவர் பத்துப் பக்கம் கடக்குமுன், "கதை எங்கே?" எனக் கேட்பது உண்டு. அக்கேள்வி நியாயமானதே. கதைக்குள் கதை, அதற்குள் ஒரு வேடிக்கை, இடையில் ஒரு நீதி, பின்னர் மீண்டும் கதை என அது வளைந்து வளைந்து செல்கின்றது. கட்டுக்கோப்பை மட்டும் கருதின் அதற்கு மதிப்பெண் குறைவாகவே கிடைக்கும். எனினும், தமிழில் வசன நூல்கள் அருகிக் கிடந்த காலத்தில், திண்ணையிலே அமர்ந்து ஒருவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவது போன்ற உரைநடையை அவர் ஆக்கினார் என்பதை நினைத்தல் வேண்டும். கதைத் தலைவி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டை அரசாளுகின்றாள். ஆண்டபின் அவ்வாட்சி நன்றாகவும் இருக்கின்றது. நீதிமன்றங்களில் வழக்குரைஞர் மக்கள் மொழியில் வாதிட வேண்டும் என்பதற்கு ஆசிரியர் எடுத்துவைக்கும் நியாயங்கள் நூற்றைம்பது ஆண்டு அணுகியும் பழுதுபடவில்லை. அவற்றைக் கதையோடு இசைவிக்காது அப்படியே நிறுத்திவைத்தார் என்பதே எம் குறை.

கமலாம்பாள் சரித்திரமோ வேறு வகையான ஆக்கம். விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் தொடர்ந்து வெளிவந்து 1896 இல் நூலுருப் பெற்ற இதனை எழுதிய ராஜம் ஐயர் 26 ஆண்டுகளே வாழ்ந்து 1898 இல் மறைந்தார். அவர் வரைந்த சிறுகுளம் என்னும் ஊரும், அங்கே வம்பு பேசும் பெண்டிரும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியரும் இன்றும் உயிரோடு உலவுகின்றனர். அம்மையப்ப பிள்ளையைப் படித்துச் சிரியாத தமிழாசிரியர் ஒருவர் இருப்பின், அவர் அப்பாத்திரத்தின் உறவினராகவே இருத்தல் கூடும். இந்நூலின் முற்பகுதிக்கு இணையான குடும்பச் சித்திரம் அக்காலத் தமிழ் உரைநடையில் வேறில்லை என்பது எம் துணிபு. பிற்பகுதியில் ஆசிரியரின் உள்ளம் வேதாந்தத்திற் செல்லவே, மாந்தர் மெல்ல மெல்ல மறைந்து தத்துவம் நிற்கின்றது. இதனை நிறையெனக் கொள்வாரும் உளர். யாம் அங்ஙனம் கொள்ளவில்லை. ஆன்மாவின் தேட்டம் நாவலுக்கு ஆகாத பொருள் அன்று. ஆயின், தேடுகின்ற மனிதன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

இவ்விரு நூல்களையும் படித்தோர் அவற்றோடு நில்லாது பின்வந்த நூல்களுக்கும் வருதல் வேண்டும். ராஜம் கிருஷ்ணன் 1979 இல் வெளியிட்ட கரிப்பு மணிகள் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைக் கூறுவது. அவர்தம் இடத்திற்கே சென்று, கண்டும் கேட்டும் எழுதுவது இவ்வம்மையாரின் வழக்கம். உப்பு நீர் அரித்த காலும், வெயிலில் வெண்மை சுடும் கண்ணும் இதிற் பேசுகின்றன. சில இடங்களில் பாத்திரம் பேசவேண்டியதை ஆசிரியரே பேசிவிடுகின்றார். அக்குறையைக் கண்டும் இந்நூலை யாம் உயர்த்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நாள்தோறும் உண்ணும் சோற்றில் உப்பிடுகின்றோம். அதனை விளைப்பார் யார் என்பதை வேறெந்த நூலும் எமக்கு இவ்வளவு அணித்தே காட்டியதில்லை.

இனி, ஒளித்துப் படிக்கும் வகைக்கு வருவோம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் ஆங்கிலக் கதைகளைத் தழுவியும் தாமே புனைந்தும் மர்ம நாவல்களையும் துப்பறியும் நாவல்களையும் எழுதிக் குவித்தனர். வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியதோடு, ஜகன்மோகினி என்னும் இதழையும் பல்லாண்டு நடத்தினார். இந்நூல்களின் பெயரைக் கேட்டவளவிலே முகம் சுளிப்பது கற்றோர்க்கு அழகு என்று ஒரு கொள்கை நிலவுகின்றது. அதனை யாம் ஏற்கோம். பள்ளிக்குச் சென்றறியாத பெண்டிர் பலர், பிறர் படிக்கக் கேட்டும், எழுத்துக் கூட்டித் தாமே படித்தும், நூல் என்னும் பொருளோடு உறவுகொண்டது இத்தகைய கதைகளாலேயே. படிக்கும் பழக்கம் என்னும் நாற்றை நட்டவரை, பின்னர் வந்து அறுத்தவர் இகழ்தல் நன்றன்று.

ஆயினும், துப்பறியும் கதைக்கும் ஓர் அறம் உண்டு. முடிவில் வெளிப்படும் உண்மைக்குரிய தடயங்கள் யாவும் படிப்பவர் கண்முன்னரே கிடந்திருத்தல் வேண்டும். இறுதிப் பக்கத்தில் எங்கிருந்தோ ஓர் இரட்டைப் பிள்ளையை வரவழைத்துச் சிக்கலை அவிழ்ப்பது படிப்போரை ஏமாற்றுவதாகும். தழுவல் கதைகளில் மற்றொரு குறையும் உண்டு. மாந்தர்க்குத் தமிழ்ப்பெயர் சூட்டப்பட்டிருக்கும். அவர்தம் வீடும் வழக்கமும் அயல்நாட்டினவாகவே இருக்கும். வேட்டி கட்டிய பிரபு ஒருவர் கணப்படுப்பின் அருகே அமர்ந்து குளிர்காயும்போது நமக்கு வியர்க்கின்றது. இக்குறைகளைத் தெரிந்து படிப்பின் இவ்வகையால் தீங்கொன்றும் இல்லை. ஊறுகாய் நல்லதே, அதனையே சோறாக உண்ணலாகாது என்பதே நாம் கருத வேண்டுவது.

சிறுகதையைப் பற்றி நீளப் பேசுதல் அவ்வகைக்கே முரணாகும். ஆயினும், புதுமைப்பித்தனைக் குறித்து ஒன்று கூறாமல் செல்லுதல் இயலாது. 1948 இல் தம் 42 ஆம் அகவையில் மறைந்த அவர் 1943 இல் எழுதிய "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" என்னும் கதையில், கடவுள் சென்னைத் தெருவிற்கு வருகின்றார். வந்தவரை எதிர்கொண்ட கந்தசாமிப் பிள்ளை, தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரைச் சந்தாதாரராக்க முயல்கின்றார். இக்கதை தெய்வ நிந்தனை என்றும், சமயப் பற்றை வளர்க்கும் கல்லூரியில் இதற்கு இடம் தருதல் தகாதென்றும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கதையை முழுதும் படித்தோர் அங்ஙனம் சொல்லார் என நம்புகின்றோம். அக்கதையில் நகைக்கப்படுவது கடவுள் அல்லர். கண்முன் வந்து நின்றவரைத் தன் கணக்கில் வரவு வைக்கப் பார்க்கும் மனிதனே நகைக்கப்படுகின்றான். அவன் மீதும் ஆசிரியர்க்கு இரக்கமே மிகுதி. கடவுளை ஒரு குழந்தை எளிதில் நண்பராக ஏற்றுக்கொள்ளும் பகுதியைப் பக்தியுடையோர் மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

நாடகத்தில் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை (1891) மட்டும் சுட்டி அமைவோம். லிட்டன் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய கதைப் பாட்டொன்றைத் தழுவி, நடிப்பதினும் படிப்பதற்கென்றே இயற்றப்பட்ட நாடகம் அது. அதன் முகப்பிலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் பகுதி 2021 இல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. விழாதோறும் எழுந்து நின்று வணக்கத்தைப் பாடுவோர் பல்லாயிரவர். வணக்கத்தைக் கடந்து நாடகத்திற்குள் புகுந்தோர் எத்தனை பேர்? வாயிலில் நின்று கும்பிட்டு வீட்டிற்குள் நுழையாது திரும்புவது முறையாகாது.

தன்வரலாறும் நாட்குறிப்பும் எமக்கு மிக விருப்பமானவை. உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940 முதல் 1942 இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் வெளிவந்து, 1950 இல் நூலாயிற்று. தமிழ் கற்பதற்காக ஊர்ஊராக அலைந்த வறிய மாணவர் ஒருவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று சேர்ந்த செய்தியை அதிற் படிக்கும் மாணவர், தம் வகுப்பிற்குக் காலந்தாழ்த்து வருவதற்கு நாணுவர். 1880 இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே ஐயர் சீவக சிந்தாமணியின்பால் கருத்தூன்றினார். சைவ மடத்திற் பயின்ற அவர், சமண காவியம் ஒன்றின் பொருள் தெளியச் சமண அன்பர்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். 1887 இல் அந்நூல் அச்சேறியது. தம் வட்டத்திற்குப் புறத்தே உள்ளதைத் தேடிச் சென்ற ஒருவரால் தமிழுக்கு விளைந்த நன்மைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? இந்நூலில் எமக்குள்ள குறை ஒன்றே: பிறர் செய்த உதவிகளை நுணுக்கமாகக் கூறும் ஐயர், தம் உள்ளத்திற் பட்ட புண்களைப் பெரும்பாலும் மூடியே வைக்கின்றார். அது அவர்தம் பண்பு எனினும், படிப்போர்க்கு இழப்பே.

இதற்கு நேர்மாறானது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சு ஆளுநர் தியூப்ளேயின் துபாஷாக விளங்கிய அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய அக்குறிப்புக்கள், பதிப்பைக் கருதாது எழுதப்பட்டவை. ஆதலின், கப்பல் வரவும், துணி விலையும், போர்ச் செய்தியும், பெரிய மனிதரின் சிறுமையும் அவற்றில் கலந்தே கிடக்கின்றன. அந்நடையை இலக்கணம் கொண்டு அளப்பின் பிழை பல காணலாம். ஆயின், இருநூற்றெழுபது ஆண்டுகட்கு முன் ஒரு துறைமுகப்பட்டினத்துத் தமிழர் எவ்வாறு பேசினர் என்பதைக் காட்டும் அந்நடையே அந்நூலின் செல்வம். வரலாறு பயிலும் மாணவர் ஆங்கில மொழிபெயர்ப்பினின்று மேற்கோள் காட்டி, மூலம் தமிழில் உள்ளதென்பதையே அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இவ்வகையில் யாம் வற்புறுத்திக் கூற விரும்பும் நூல் மற்றொன்று உண்டு. அது பாமா 1992 இல் வெளியிட்ட கருக்கு. தலித் கிறித்தவப் பெண்மணி ஒருவர் தம் ஊரின் பேச்சுத் தமிழிலேயே தம் வாழ்வைக் கூறும் அந்நூல், திருச்சபையின் நிறுவனங்களுக்குள்ளும் சாதி நுழைந்து அமர்ந்திருந்தமையை மறைவின்றி உரைக்கின்றது. நம் போன்ற மிஷன் கல்லூரியில் இதனைப் பரப்பலாமோ எனத் தயங்குவார் உளர். கிராமத்துக் கொச்சையில் எழுதப்பட்டதை இலக்கியம் எனக் கொள்ளலாமோ என வினவுவார் வேறு சிலர் உளர். முதல்வர்க்கு எம் விடை இது: உண்மைக்கு அஞ்சாது அதனை நோக்குவதே நம்மை நிறுவிய பெரியோர் நமக்கு வைத்த கடன். அந்நூல் வேதத்தைப் பழிக்கவில்லை. வேதம் கூறுவதை நாம் கைக்கொண்டோமா என்றே கேட்கின்றது. மற்றவர்க்கு விடை: தன்வரலாற்றுக்குரிய நடை, வாழ்ந்தவரின் நாவில் உள்ள நடையே. அவ்வம்மையார் நாம் இக்கட்டுரையில் எழுதும் நடையில் எழுதியிருப்பின், அந்நூல் பொய்யாகிப் போயிருக்கும். இந்நூலை நம் நூல்நிலையத்தில் கேட்டு வாங்கிப் படித்தல் எல்லார்க்கும், சிறப்பாக அதிற் கூறப்படும் துன்பத்தை அறியாது வளர்ந்தார்க்கு, இன்றியமையாதது என்பது எம் உறுதியான கருத்து.

செலவு நூல்களில் ஏ. கே. செட்டியாரை அறியாதார் இழந்தது பெரிது. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகைச் சுற்றி, 1940 இல் ஆவணப்படமாக ஆக்கியளித்தவர் அவர். உலகம் சுற்றும் தமிழன் முதலிய அவர்தம் நூல்களில் தற்புகழ்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை. சிறு வாக்கியம், வறண்டது போலத் தோன்றும் நகைச்சுவை, தம்மை ஒளித்துக் கண்டதைக் காட்டும் பண்பு. கண்ட காட்சியை மறைத்துக்கொண்டு முன்னே வந்து நிற்கும் செலவு நூலாசிரியர் மலிந்த காலத்தில், இவரைப் படித்தல் கண்ணுக்கு மருந்திட்டது போலும்.

இனி, நம் மாணவர் மிகக் குறைவாகப் படிப்பதும், யாம் மிகுதியாகக் கவலையுறுவதுமாகிய அறிவியல் நூலுக்கு வருவோம். "தமிழில் அறிவியல் எழுதுதல் இயலாது, எழுதினும் விளங்காது" என்னும் கூற்று நம் காதுக்குப் பழகியது. இக்கூற்றுக்கு விடை 19 ஆம் நூற்றாண்டிலேயே கூறப்பட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். அவர் தமிழைக் கற்றார். தம் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு நூல் வேண்டுமாதலின் மாணவருடன் கூடி நூல்களையும் ஆக்கினார். உடற்கூறு, உடலியல், நலவாழ்வு ஆகியவற்றைக் கூறும் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1857 இல் வெளிவந்தது. இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலியன பின்னர் வந்தன. இவ்வாறு அவர் முயற்சியால் தமிழில் ஆன மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன.

இந்நூல்களை இன்று பயன் கருதிப் படிக்க வேண்டும் என்பார் யாருமிலர். மருத்துவம் வெகுதொலைவு சென்றுவிட்டது. அவற்றின் கலைச்சொற்களிற் பல வடமொழி மிகுந்து இன்றைய செவிக்குக் கடினமாக ஒலிப்பதும் உண்மையே. ஆயினும், ஓர் அயல்நாட்டார், சொல்லில்லாத இடத்துச் சொல்லை ஆக்கி, ஆக்கிய சொல்லால் மாணவரைப் பயிற்றி, அம்மாணவரால் நோயாளியைக் குணப்படுத்தவும் முடிந்தது எனின், "இயலாது" என்னும் சொல்லுக்கு இடம் எங்கே? 1873 இல் அவர் தாயகம் திரும்பியபின் அவ்வழி நிலைபெறவில்லை. ஆங்கிலத்திற் படித்தார்க்கே அரசுப் பணி வாய்க்கும் எனக் கண்ட காலத்தில், தமிழிற் படிக்க முன்வருவார் குறைந்தனர். எழுத ஆளிருந்தும் படிக்க ஆளின்றி ஒரு நூல்வகை மறைந்தது. யாம் இந்நிகழ்ச்சியை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் இதுவே. மொழியின் வறுமை என்று நாம் கூறுவது பல வேளைகளில் படிப்போரின் வறுமையே.

இதனோடு பொருந்த மற்றொரு செய்தியையும் கூறுவோம். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா, 1925 ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில் பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டிப் பேசி அமர்ந்த அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அவர்தம் மைந்தர் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெற்றவர், தமிழிலும் எழுதினார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளுள் பலவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரால் 2002 இல் வெளியிட்டார். தமக்கு நன்கு தெரிந்த பறவையையும் விலங்கினையும் பற்றி, அயற்சொல்லைக் கடன் வாங்காது, ஊரார் வழங்கும் பெயராலேயே தெளிவுறக் கூறும் உரைநடை அது. விலங்கியல் பயிலும் மாணவர் ஒருவர் இதனைப் படிப்பின், தாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவற்றிற் சில தம் வீட்டுக் கொல்லையிலேயே கூவித் திரிவதை அறிவர். தந்தையார் எந்த மொழிக்கு இடம் வேண்டி உயிர் விட்டாரோ, அம்மொழியில் அறிவியலுக்கு இடம் உண்டென மைந்தர் எழுதியே காட்டினார்.

மொழிபெயர்ப்பையும் தழுவலையும் பற்றிச் சில சொற்கள். ஜான் பனியன் இயற்றிய ஆங்கில நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894 இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் நம்மவர் பெயரளவில் அறிந்தது. ஏழை எளியார்க்கு விளங்கும் உரைநடையில் இருந்த ஒரு நூலைக் கம்பரின் வழிநின்று காப்பியமாக்கியது ஏற்றமா, இழப்பா என்பது ஆராயத்தக்கது. கதைப் போக்கு தளர்ந்தது என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களில் மூலநூலுக்கே இல்லாத உருக்கம் வாய்த்திருக்கின்றது. அக்காரணத்தால் அதனை மொழிபெயர்ப்பு என்னாது, தமிழ் நிலத்திற் புதிதாக முளைத்த பயிர் என்றே கொள்கின்றோம். அண்மைக் காலத்ததாகிய எரியும் பனிக்காடு மற்றொரு வகைக்குச் சான்று. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், அங்குத் தமிழ்த் தொழிலாளர் பட்ட துன்பத்தை 1969 இல் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேளின் பெயர்ப்பால் 2007 இல் அது தமிழுக்கு வந்தது. தமிழர் துயரைத் தமிழர் தம் மொழியிற் படிக்க முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாத மொழி தன் வீட்டுச் செய்தியையும் காலந்தாழ்ந்தே கேட்கும்.

இறுதியாக, எவரும் "படித்தேன்" என்று சொல்லாத வகை: அகராதியும் கலைக்களஞ்சியமும். ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகத் தொகுத்து 1910 இல் வெளிவந்த அபிதான சிந்தாமணி, அறிஞர் பலர் கூடி 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் ஆகியவற்றை, ஐயம் தோன்றும்போது மட்டுமன்றி, மழை நாளில் சும்மா புரட்டிப் பார்த்தலும் இன்பமே. ஒரு சொல்லைத் தேடிச் சென்று ஒன்பது செய்தியோடு திரும்பலாம். கைப்பேசியில் தேடுவார் தாம் கேட்டதை மட்டுமே பெறுவர். ஏடு புரட்டுவார் கேளாததையும் பெறுவர்.

"இத்தனை வகையையும் படிக்கப் பொழுது ஏது?" எனக் கேட்பார்க்கு எம் மறுமொழி எளிது. ஒரு பருவத்திற்கு ஒரு நூல் போதும். ஆயின், அந்நூல் தாம் பயிலும் துறைக்குப் புறம்பானதாக இருத்தல் வேண்டும். தமிழ் பயில்வார் கிருஷ்ணனின் பறவைகளை எடுத்துக்கொள்வாராக. விலங்கியல் பயில்வார் என் சரித்திரத்தை எடுத்துக்கொள்வாராக. வணிகவியலார் ஆனந்தரங்கரின் நாட்குறிப்பில் அக்காலத்து வணிகத்தைக் காண்பாராக. மூன்றாண்டு முடிவில் ஆறு நூல்கள் சேரும். ஆறு சாளரம் உடைய வீடு இருண்டிருத்தல் இயலாது.

"பலவற்றைப் படிப்பவர் ஒன்றிலும் ஆழார்" என்று அஞ்சும் ஆசிரியர்களும் உளர். அவ்வச்சத்திற் சிறிது உண்மை உண்டு. நூற்பெயர்களை அடுக்கிச் சொல்லி ஆரவாரம் செய்வார்க்கு அது பொருந்தும். ஆயின், ஒரு வகையையே படிப்பவர்க்கு அவ்வகையின் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. நாவலின் தளர்ச்சியை எமக்குக் கற்பித்தது சிறுகதை. ஐயர் தம் நூலில் மூடி வைத்தவற்றை எமக்கு உணர்த்தியது கருக்கு. ஒப்புநோக்குதலினின்றே கருத்துப் பிறக்கும். ஆதலின், நூலைப் படித்தவுடன் அதன் நிறை இரண்டும் குறை ஒன்றும், காரணத்தோடு, ஒரு பக்க அளவில் எழுதி வைக்கும் வழக்கத்தை மாணவர் மேற்கொள்ளுதல் நன்று. "நன்றாக இருந்தது" என்பது கருத்தன்று. நன்றாக இருந்ததற்குரிய காரணத்தைத் தேடத் தொடங்கும்போதே கருத்துத் தோன்றுகின்றது.

நூல்நிலையப் பொறுப்பாளர்க்கும் பழைய மாணவர்க்கும் எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. எவரும் கேளாத நூல் வாங்கப்படாது. வாங்கப்படாத நூல் மீண்டும் அச்சேறாது. அச்சேறாத வகை எழுதப்படாது. கிறீன் மருத்துவரின் நூல்வகைக்கு நேர்ந்தது அதுவே. ஆதலின், பழைய மாணவர் தம் கல்லூரிக்கு அளிக்கும் அன்பளிப்புக்களில் சுவர்க் கடிகாரத்தையும் நிலைக் கண்ணாடியையும் சற்றுக் குறைத்து, தமிழில் வெளிவரும் அறிவியல், செலவு, வாழ்க்கை வரலாறு ஆகிய வகை நூல்களை ஆண்டுதோறும் அனுப்புவாராக. மாணவர் அவற்றைக் கேட்டு வாங்கி, ஏட்டின் ஓரம் கசங்குமளவும் படிப்பாராக. படித்தபின் எம் கருத்துக்கள் பிழையெனத் தோன்றின், காரணம் காட்டி மறுப்பாராக. அம்மறுப்புக்களைப் படிக்க யாம் ஆவலோடு காத்திருக்கின்றோம்.